திங்கட்கிழமைத் தீர்ப்பு

சொல்லியிருக்க வேண்டாம். வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம், எந்நாளும் அப்படித்தானே இருக்கிறேன், இன்றைக்கு மட்டும் எது வந்து நாக்கில் உட்கார்ந்ததோ, வேன் கம்பெனி கேட்டைத் தாண்டி பெருமாநல்லூர் ரோட்டில் ஏறும்போதும் இதையேதான் நினைத்துக்கொண்டு வருகிறேன். மிதுனா மடியில் கனக்கிறாள், கிரச்சில் மத்தியானம் கண்ணே மூடவில்லையாம், ஆயா சொன்னது, இப்போது என் தோளில் எச்சில் வழியத் தூங்குகிறாள். கஸ்தூரியக்கா எனக்கு நேர் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறது. முன்சீட்டில். தினமும் ஜன்னலோர சீட்டில் தன் சாப்பாட்டுப் பையைப் போட்டுவைத்து, நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைசி ஆளாக ஏறி வரும்வரை யாரையும் அண்டவிடாது, "மிதுனாக்குட்டி வேடிக்கை பாக்கோணும், அக்கட்ட போங்க" என்று விரட்டும். இன்றைக்குத் தானே ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் அயர்ன் மாஸ்டர் சம்சாரம். நான் ஏறினபோது அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே என்ன இருந்தது, காம்பவுண்டுச் சுவர்தான் இருந்தது. "வாடி செம்பா, இங்க எடம் இருக்கு" என்று நாகஜோதி மதினி பின்னாலிருந்து கையைக் காட்டினாள், உட்கார்ந்துவிட்டேன். மதினி என் வீட்டுக்காரருக்குச் சித்தி மகள், இந்தக் கம்பெனியில் என்னைச் சேர்த்துவிட்டதே அவள்தான், நான் இங்கே தும்மினால் விருதுநகரில் என் மாமியார் போனை எடுத்து "சளியாமே" என்று கேட்கும். அக்காவின் பின்கழுத்துதான் தெரிகிறது. கொண்டை முழுக்க வெள்ளைப் பஞ்சு, பனியன் தூசி. வேனில் ஏறுமுன் அது என் தலையைத் தட்டும், நான் அதன் தலையைத் தட்டுவேன், வீட்டுக்குப் போகும்போதாவது மனுசி மாதிரிப் போவோம் என்று சொல்லும். இன்றைக்கு யாரும் யாரையும் தட்டவில்லை. கை அந்தப் பஞ்சுவரைக்கும் போகிறது, திரும்பி வந்துவிடுகிறது. எடுத்தால் திரும்பும். திரும்பினால் நான் எந்த முகத்தை வைத்துக்கொள்வது. ஒருவேளை கோபமே இல்லையோ, தலைவலியோ, காற்று வேண்டி உட்கார்ந்திருக்குமோ, மாதத்தில் அந்த மூன்று நாளோ. இப்படியெல்லாம் நினைத்து ஒரு வளைவுவரைக்கும் நிம்மதியாக வருகிறேன், வளைவில் வேன் சாயும்போது மிதுனாவின் தலை நழுவுகிறது, பிடிக்கிறேன், பிடித்ததும் மத்தியானம் மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பிக்கிறது.

எங்கள் செக்கிங் டேபிளில் திங்கட்கிழமை என்றால் படம். ஞாயிற்றுக்கிழமை யார் எந்தப் படம் பார்த்தார்களோ அதைச் சொல்ல வேண்டும், கை பனியனைப் புரட்டிக்கொண்டே இருந்தால் போதும், வாயைச் சூப்பர்வைசர் கண்டுகொள்ளமாட்டார். டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க்கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிப் போடவேண்டும், அவ்வளவுதான் எங்கள் வேலை. வசந்தாமணியக்காதான் கதை சொல்லும். டேபிளுக்கே அதுதான் பெரிசு, குரலும் பெரிசு. கதாநாயகன் வந்தால் நெஞ்சை நிமிர்த்தும், மாமியார் வந்தால் வாயைக் கோணும், சண்டைக்கு நடுவே வரும் மேளச்சத்தத்தைக்கூட விடாமல் வாயாலேயே போடும். சொல்லி முடித்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "செரி, சொல்லுங்க. யார் மேல தப்பு?" என்று கேட்கும். ஒவ்வொருத்தியும் வரிசையாகச் சொல்லியே ஆகவேண்டும். ரெண்டு பேர் மேலயும்தான் என்று சொன்னால் விடாது, "இந்த மழுப்பலெல்லாம் உன்ற வீட்டுல வெச்சுக்கோ, ஒருத்தரச் சொல்லு" என்னும். என் முறை வரும்போது "நான் பாக்கலக்கா" என்பேன். என்னைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆறாவதோடு நின்றவள், கைப்பிள்ளைக்காரி, இவள் எங்கே படத்துக்குப் போகப்போகிறாள். அந்தச் சொல்லுக்குள்ளே நான் சுகமாய் ஒளிந்துகொண்டிருந்தேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் மதினி, "பொய் சொல்றா, நேத்து இவளும் எங்கண்ணனும் சோடியாப் போயிட்டு வந்தாங்க" என்று போட்டு உடைத்துவிட்டாள். எல்லாரும் ஓ என்று கத்தினார்கள். எனக்குக் காதெல்லாம் சூடு. பிள்ளையை விட்டுவிட்டு ஒருத்தி வீட்டைவிட்டுப் போகும் படம் அது. மதினி புருசன் மேல் தப்பு என்று முன்னாலேயே சொல்லியிருந்தாள், இன்னொருத்தி மாமியார் மேல் என்றாள். கஸ்தூரியக்கா நிமிராமல், "எனக்கு அந்த வீட்டக் காட்டுனதுதான் புடிச்சுது. கெணத்தடியெல்லாம் எத்தன சுத்தமா வெச்சிருந்தாங்க" என்றது. "ஏனம்மிணி, வீடு வெலைக்குக் கேக்கவா போனே?" என்று வசந்தாமணியக்கா கேட்க, டேபிளே சிரித்தது, அதுவும் சிரித்தது. அது தப்பித்த விதத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா. புரிந்தது. புரியவில்லை என்று சொன்னால் பொய். புரிந்துதான் இருந்தது, எங்கேயோ ஓரத்தில், ஆனால் எல்லா முகமும் என் பக்கம் திரும்பிவிட்டது, இத்தனை முகம் ஒரே சமயம் என்னைப் பார்த்ததே இல்லை, கல்யாணத்தன்றுகூட எல்லாரும் சாப்பாட்டைத்தான் பார்த்தார்கள். நான் சொன்னேன். "வளக்க முடியாதவ எதுக்குப் பெக்கணும்? நாய்கூட தங்குட்டிய வாயில கவ்விக்கிட்டுத்தான் போகும்" என்றேன்.

நாய் என்று ஏன் சொன்னேன். வேறு எதுவுமே கிடைக்கவில்லையா. "அடி சக்கை! ஊமையாட்டம் இருந்துட்டு ஒரே போடாப் போட்டாளே!" என்று வசந்தாமணியக்கா என் முதுகில் அறைந்தது, "தீர்ப்புன்னா இது தீர்ப்பு" என்றார்கள், எனக்கு உள்ளே இனித்தது, அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது, இனித்தது, அந்த இனிப்போடேயே கஸ்தூரியக்கா பக்கம் திரும்பினேன், அதுவும் மெச்சும் என்று நினைத்து. அது ஒரு பனியனை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தது. இறக்கவே இல்லை. வெள்ளைத் துணிக்கு அந்தப்பக்கம் முகம் இருந்தது. சிரிப்பெல்லாம் அடங்கி அடுத்த பேச்சு ஆரம்பித்த பிறகும் அந்தத் துணி அங்கேயே நின்றது. அதற்குப் பிறகு சாயந்திரம்வரை அது என்னிடம் கேட்டது ஸ்டிக்கர் இருக்கா என்பது மட்டும்தான். கொடுத்தேன். விரல்கூடப் படாமல் வாங்கிக்கொண்டது.

ஆனால் அந்தப் படத்தை நான் எங்கே பார்த்தேன். அதைச் சொன்னால் இன்னும் கேவலம். கல்யாணமாகி முதல் தடவை தியேட்டருக்குக் கூட்டிப்போனார், புதுச் சுடிதார் போட்டுக்கொண்டேன், உள்ளே ஏசி குளிரில் சிலிர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன், அந்தப் பொம்பளை பாத்திரம் விளக்குகிறாள், மாமியார் அதட்டுகிறாள், அவளுடைய மூணு வயசுப் பிள்ளை வாசலில் விளையாடுகிறது, பிறகு ஒரு விடியக்காலை பிள்ளை தூங்கும்போது அவள் கதவைச் சாத்திவிட்டு நடந்து போகிறாள், அவ்வளவு பார்த்தேன். அப்புறம் டமார் என்று ஒரு சத்தம், மிதுனா வீறிட்டாள். சுற்றிலும் உச்சுக்கொட்டினார்கள். இவர் என்னைப் பார்த்தார், கால்களை மட்டும் ஒதுக்கி நான் போக வழிவிட்டார். அப்போதிருந்து வெளியேதான். பாப்கார்ன் கடைக்குப் பக்கத்தில், கார்ப்பெட் நாற்றத்தில், நின்றேன், நடந்தேன், தட்டினேன். உள்ளே அவள் ஏன் போனாள் என்று காட்டிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது, கதவுக்கு இந்தப்பக்கம் அடிக்கிற சத்தமும் அழுகைச் சத்தமும் மட்டும் கேட்டது. யாராவது கதவைத் திறக்கும்போது ஒரு துண்டு தெரியும், மூடிக்கொள்ளும். இவள் அழுகையை நிறுத்தவில்லை. பால் கொடுத்தேன், துப்பினாள். அந்த நிமிசம் எனக்கு வந்த நினைப்பு, அங்கே கிடந்த சோபாவில் இவளைக் கிடத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து முழுப்படத்தையும் பார்த்தால் என்ன. உள்ளே மட்டுமா, அப்படியே படியிறங்கி, பஸ் ஏறி. எந்த ஊருக்கு என்றுகூட நினைப்பு போகவில்லை, பஸ்ஸில் ஜன்னலோரம் கை இரண்டும் காலியாக உட்கார்ந்திருக்கிற மாதிரி மட்டும் தெரிந்தது. கை காலியாக. பயந்துபோய் அவளைக் கிள்ளிவிட்டேன். தொடையில். அவள் அழுததற்கா கிள்ளினேன், நான் நினைத்ததற்கா கிள்ளினேன், தெரியவில்லை. காலையில் குளிப்பாட்டும்போது பார்த்தேன், கன்றிப்போயிருந்தது, எண்ணெய் தடவினேன், கிரச்சில் ஆயா கேட்டால் எறும்பு என்று சொல்லலாம் என்று யோசித்து வைத்தேன். ஆயா கேட்கவில்லை. அதே நாளில், அதே கையோடு, டேபிளில் நின்று நாயை உதாரணம் சொன்னேன். வசந்தாமணியக்கா சொன்ன கதையிலும் அந்த நடுப்பகுதி இல்லை. "அடிச்சானாம் புடிச்சானாம், எந்த வீட்டுல இல்லாதது" என்று ஒரு கையாட்டலில் தள்ளிவிட்டு, பத்து வருசம் கழித்து அவள் திரும்பி வந்து கேட்டுக்கு வெளியே நிற்கும் இடத்துக்குப் போய்விட்டது.

கஸ்தூரியக்காவுக்குப் பிள்ளை இல்லை என்றுதான் கம்பெனியில் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். ஆளாளுக்குக் கோயில் சொல்வார்கள், விபூதி கொண்டுவந்து கொடுப்பார்கள், அது மறுக்காமல் வாங்கிப் பூசிக்கொள்ளும். எனக்கு மட்டும் தெரியும். மிதுனாவுக்குக் காய்ச்சல் கண்டு நெருப்பாய்க் கொதித்த அன்றைக்கு அக்காதான் எனக்குத் துணையாக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஈரத்துணியை நெற்றியில் போட்டுப் போட்டு எடுத்தது, அது எடுத்த விதத்தைப் பார்த்து, "உங்களுக்கு எப்படிக்கா இதெல்லாம்" என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் துணியைப் பிழிந்தது. அப்புறம் சொன்னது, "எனக்குப் பையன் இருக்கறான் செம்பா. காங்கயத்துப் பக்கம், அவங்கப்பன் ஊட்டுல." தூங்கும்போது விட்டுவந்ததாம். அவன் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவானாம், ஒவ்வொரு விரலாய் விலக்கி, விலக்கின விரல் மறுபடி மடங்க, அந்த மடக்கத்துக்குள்ளே தலையணையுறையின் ஓரத்தைச் சொருகிவிட்டு வந்ததாம். ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை. அது இடது கையைத் தூக்கிக் காட்டியது, முழங்கைக்கு மேலே எலும்பு கோணலாய்ச் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். ரெண்டு தடவை திரும்பிப் போய்ப் பார்த்ததாம், கதவைத் திறக்கவில்லையாம். "இத யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றது. "எங்கிட்ட ஏங்க்கா சொன்னீங்க?" "நீதான் பேசவே மாட்டியே, அதனாலதான்" என்று சிரித்தது. நீதான் பேசவே மாட்டியே. நான் பேசமாட்டேன் என்று நம்பித் தன் உயிரை எடுத்து என் கையில் வைத்தது, நான் முதல்முதலாகப் பேசினதே அதைத்தான்.

மன்னிப்புக் கேட்கலாம். இப்போதே குனிந்து அதன் காதருகே, அக்கா, நான் உங்களை நினைத்துச் சொல்லவில்லை. சொன்னால்? "என்னடி குசுகுசு" என்று மதினி காதை நீட்டுவாள், அயர்ன் மாஸ்டர் சம்சாரம் திரும்பும், எதுக்கு மன்னிப்பு, எதை நினைத்து, என்று ஒவ்வொன்றாய்த் தோண்டுவார்கள், அடுத்த ஸ்டாப்புக்குள் கஸ்தூரிக்குப் பிள்ளை இருக்காம் என்று வேன் முழுக்க ஆகிவிடும். மன்னிப்புக் கேட்டால் ரெண்டாம் தடவை காட்டிக்கொடுத்த மாதிரி. போனில் கேட்கலாம், என் போன் இவர் கையில்தான் இருக்கும். நாளைக்குக் கேட்கலாம், நாளைக்கும் இதே டேபிள். அது இறங்கும் இடம் எனக்கு முன்னால் வந்துவிடும், ரேஷன் கடை தாண்டி, பாலம் தாண்டி, வந்துவிட்டது பாலம். ஒரு ராத்திரி முழுக்க அது தனி அறையில் நாய், நாய் என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கும். வசந்தாமணியக்கா நடுச்சீட்டில் இருந்துகொண்டு அடுத்த வாரம் வரப்போகும் பேய்ப்படத்தைப் பற்றிப் பேசுகிறது, "பேய்க்கு இத்தன மேக்கப்புப் போட்டா யாரு பயப்படுவாங்க, கண்ணாலத்துக்குப் போறவளாட்ட இருக்கறா" என்கிறது, சிரிக்கிறார்கள், அப்போதுதான் எனக்குப் பட்டது, படத்தைப் பற்றி இங்கே யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை, அந்தப் பேச்சுக்குள்ளே வைத்துத்தான் அடித்தேன், அதற்குள்ளே வைத்தே திருப்பி எடுத்துவிடலாம். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "வசந்தாமணியக்கா" என்றேன். ஒரு லாரி ஹாரனில் அது போய்விட்டது. கேட்கவில்லை, விட்டுவிடு, விதி என்று நினைத்தேன். பிறகு பாலத்தைப் பார்த்தேன். "வசந்தாமணியக்கா!"

கத்திவிட்டேன் போலிருக்கிறது, வேனே திரும்பியது. மிதுனா அசைந்தாள். "நான் மத்தியானம் சொன்னது தப்புக்கா." "என்னம்மிணி சொன்னே?" "அந்தப் படத்துல போனாள்ல. அவ மேல தப்பில்லக்கா." "அடிப் பாவி, தீர்ப்ப மாத்துறா! எவங்கிட்டடி காசு வாங்குனே?" சிரிப்பு. "நான் பாதிதான் பாத்தேன். பாப்பா அழுதுட்டா, வெளியவே நின்னேன். அவ எதுக்குப் போனாங்கறதப் பாக்காமயே சொல்லிட்டேன். நாய்னெல்லாம் சொன்னது ரொம்பத் தப்பு." அக்காவின் கழுத்து அசையவில்லை. மதினி என் முகத்தை உற்றுப்பார்த்தாள். "ஏண்டி, என்ன ஒரு மாதிரி இருக்க? நீயும் எங்கயாச்சும் கெளம்புற யோசனையா? எங்கண்ணங்கிட்ட முன்கூட்டியே சொல்லிவைக்கவா?" மறுபடி சிரிப்பு, மதினி சிரிக்கவில்லை, அது இன்றைக்கு விருதுநகருக்குப் போய்விடும் என்று தெரிந்தது, போகட்டும், நிறுத்த முடியவில்லை, இத்தனை வருசம் பேசாததெல்லாம் சேர்ந்து வருகிற மாதிரி வந்தது. "பாவம்க்கா அவ. முழிச்சிருந்தா போயிருக்கவே முடியாது, அதான் தூங்கறப்பப் போனா. ஒவ்வொரு வெரலா வெலக்கி, தலாணி ஒறைய அது கைக்குள்ள சொருகி—" என்னும்போதே நாக்கு நின்றுவிட்டது. இது படத்தில் வந்ததா? நான் பார்த்த பாதியில் அவள் கதவைச் சாத்திவிட்டு நடந்தாள். விரல் எங்கே வந்தது. விரல் படத்தில் இல்லை. வசந்தாமணியக்கா நெற்றியைச் சுருக்கியது. "வெரலா? தலாணியா? அப்படி எங்கடி வந்துது? நான் சிமிட்டாமப் பாத்தேனே, எனக்குத் தெரியாம?" தூக்கத்தில் இருக்கிற பிள்ளையை இறுக்கினேன், அவள் சிணுங்கினாள்.

"வந்துது" என்றது கஸ்தூரியக்கா. திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே, ரோட்டோரக் கடைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னது. "இருட்டுல எடுத்திருப்பாங்க, நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. நான் ரெண்டு தடவ பாத்தேன்." "ரெண்டு தடவயா? அந்த அழுவாச்சிப் படத்தயா?" "ம்." "அப்ப மத்தியானம் கெணத்தடி கெணத்தடின்னு மழுப்புனே. இப்பச் சொல்லு பாக்கலாம், ரெண்டு தடவ பாத்தவ. யார் மேல தப்பு?" வேன் நின்றது, அக்கா இறங்க வேண்டிய இடம். அது எழுந்தது, பையைத் தோளில் மாட்டியது, அயர்ன் மாஸ்டர் சம்சாரத்தின் கால்களைத் தாண்டி நடைபாதைக்கு வந்தது, அப்போதுதான் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தது, கோபமில்லை, கோபம் இருந்திருந்தால் தேவலை, ஆஸ்பத்திரி பெஞ்சில் துணியைப் பிழியும்போது இருந்த அதே முகம். "மத்தியானம் செம்பா சொன்னதுதான் செரி" என்றது. "பாத்தியா!" என்று வசந்தாமணியக்கா தொடையைத் தட்டியது, "முழுசாப் பாத்தவளே சொல்லிட்டா. தீர்ப்பு முடிஞ்சுது, போங்கடி." இல்லக்கா என்று எழப்பார்த்தேன், மடியில் பிள்ளை, எழ முடியவில்லை, கதவு இழுத்துச் சாத்தப்பட்டது, வண்டி நகர்ந்தது. அக்கா ரோட்டைக் கடக்காமல் அங்கேயே எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தது, பின்னால் சிறுத்துக்கொண்டே போனது. எனக்காகப் பொய்யைச் சொல்லி என் நாக்கைக் காப்பாற்றிவிட்டு, என் வார்த்தையை எடுத்துத் தன்மேலேயே போட்டுக்கொண்டு போயிற்று. நான் திருப்பி எடுக்கத்தானே பேசினேன். வேனில் பேச்சு மறுபடி பேய்ப்படத்துக்குப் போய்விட்டது. மதினி என் முகத்துக்கு அருகே குனிந்தாள், மிதுனாவின் தலைமேல் சொட்டினதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஏண்டி அழுகுற?"

"படத்த நெனச்சேன் மதினி."

"கிறுக்கி" என்றாள், குரல் கொஞ்சம் இளகியிருந்தது. முந்தானையை இழுத்து என் கண்ணைத் துடைத்துவிட்டாள். "அது படம்டி. நெசமாவா நடந்துச்சு?"

இல்லை மதினி என்றேன்.